பெட்டி பார்க்காத ஏரி

ஊசிப்பாறைக் காட்டில் ஒரு கீரி இருந்தது. எதைக் கண்டாலும் அதற்குக் கேள்விதான். கேட்காமல் விட்டால் சோறு இறங்காது என்று மற்ற விலங்குகள் கேலி செய்யும்.

அந்தக் காட்டை அளக்க வந்த மனிதர்கள், குளக்கரைப் பாறைமேல் ஒரு பெட்டியை மறந்துவிட்டுப் போனார்கள். வெயில் பட்டால் விழித்துக்கொள்ளும் பேசும் பெட்டி அது. மனிதர்கள் எழுதி வைத்ததையெல்லாம் படித்திருந்தது. உறுமிக் கேட்டால் உறுமிப் பதில் சொல்லும். கீச்சிட்டுக் கேட்டால் கீச்சிட்டுப் பதில் சொல்லும்!

பொத்தானை அழுத்த விரல் வேண்டுமே? கருங்குரங்கு அந்தப் பதவியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"வரிசையா வாங்க! தள்ளாதீங்க! மனுஷ புத்தின்னா சும்மாவா?" என்று அதிகாரம் தூள் பறந்தது.

முயல், எந்தப் புல் இனிக்கும் என்று கேட்டது. காட்டுப்பன்றி, கிழங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டது. காலடியிலேயே கிழங்கு இருந்தாலும் பெட்டி சொன்ன பிறகுதான் பன்றி தோண்டியது. அவ்வளவு சோம்பல் வந்துவிட்டது!

அந்த ஆண்டு கோடை பொல்லாததாக இருந்தது. குளம் வற்றிச் சேறானது. கீரியின் தோழியான புள்ளிமான் அப்போது நிறைசினையாக இருந்தது.

"ஒரு தடவைதான் என்னால நடக்க முடியும், கீரி. போன இடத்துல தண்ணி இல்லேன்னா திரும்பி வர மாட்டேன்" என்றது மான்.



விலங்குகள் எல்லாம் பாறையடியில் கூடின. குரங்கு பொத்தானை அழுத்தி, "தண்ணி எங்கே இருக்கு?" என்று கேட்டது.

"வடக்கே ஏழு மைல் தொலைவில் ஒரு பெரிய ஏரி உள்ளது. ஆண்டு முழுவதும் அதில் நீர் இருக்கும்" என்றது பெட்டி.

"ஆகா! கெளம்புங்க!" என்று எல்லாம் குதித்தன. மானும் மெல்ல எழுந்து நின்றது.

கீரி மட்டும் பாறைமேல் தாவி ஏறியது. "ஏ பெட்டி! அந்த ஏரியை நீ பாத்திருக்கியா?"

"பெட்டிகிட்டயே எதிர்க்கேள்வியா? இறங்கு கீழே!" என்று குரங்கு சீறியது.

ஆனால் பெட்டிக்குக் கோபமே வரவில்லை. "இல்லை. நான் எதையும் பார்த்ததில்லை. மனிதர்கள் எழுதியதைப் படித்துச் சொல்கிறேன்."

"எப்போ எழுதினது?"

"பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு."

"இப்போ அங்கே தண்ணி இருக்கா?"

"எனக்குத் தெரியாது."



"அடப்பாவி! இதை ஏன் முதல்லயே சொல்லலே?" என்று முயல் கத்தியது.

"சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையதுதான்" என்றது பெட்டி.

கீரிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மூக்கைச் சொறிந்தபடி யோசித்து இன்னொரு கேள்வி கேட்டது.

"சரி, ஒரு மனுஷன் வழி தெரியாம இந்த மாதிரி காட்டுல மாட்டிக்கிட்டா, தண்ணியை எப்படிக் கண்டுபிடிப்பான்?"

"பழைய குறிப்புகளில் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. அவன் காட்டு விலங்குகளைக் கவனிப்பான். பன்றி எந்த மணலைக் கிளறுகிறது, யானை எங்கே காலால் தோண்டுகிறது என்று பார்ப்பான். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் அவற்றின் மூக்குக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறார்கள்."

எல்லாக் கண்களும் பன்றியின் பக்கம் திரும்பின.

வரிசையில் கடைசியாக நின்ற பன்றி திருதிருவென்று விழித்தது. "என்னையா? நானே எங்கே தோண்டலாம்னு பெட்டிகிட்ட கேக்கத்தானே நிக்கிறேன்!"

"மோந்து பாரு அண்ணே!" என்றது கீரி.

பன்றி வெட்கத்தோடு மூக்கைத் தரையில் வைத்தது. ஒன்றும் தெரியவில்லை. பெட்டி வந்ததிலிருந்து மூன்று மாதமாக வேலை செய்யாத மூக்கு அல்லவா! கீரி விடவில்லை. காய்ந்து கிடந்த ஓடைக்கு அதைக் கூட்டிப் போனது. மானும் தள்ளாடித் தள்ளாடிப் பின்னால் வந்தது.

பன்றி ஓரிடத்தில் தோண்டியது. வெறும் புழுதி. மான் அப்படியே படுத்துவிட்டது.

"இன்னொரு தடவை, அண்ணே!" என்று கீரி கெஞ்சியது.

பன்றி கண்ணை மூடிக்கொண்டு, அடி அடியாக மோந்து நடந்தது. ஓடை வளையும் இடத்தில் சட்டென்று நின்றது. "இங்கே... என்னமோ குளுகுளுன்னு வாசம் வருதே!"

மண் பறந்தது. கீரியும் கூடச் சேர்ந்து பறண்டியது. முதலில் மணல் கறுத்தது. பிறகு ஈரம் கசிந்தது. கடைசியில் குழியின் அடியில் தண்ணீர் ஊறி நின்றது!

முதலில் மான் குடித்தது. அது தலை நிமிரும்வரை மற்ற விலங்குகள் ஒன்றுகூட முண்டியடிக்கவில்லை.

எட்டாம் நாள் மான் குட்டி போட்டது. அதே நாளில் வடக்கேயிருந்து ஒரு கொக்கு வந்து இறங்கியது.

"அந்த ஏரியா? அது வறண்டு வெடிச்சுப்போய் மூணு வருஷம் ஆச்சு. சொட்டுத் தண்ணி இல்லே!"

கீரி நேராகப் பாறைக்கு ஓடியது. குரங்கு மறுபேச்சில்லாமல் பொத்தானை அழுத்தியது.

"பெட்டி, வடக்கு ஏரி வத்திப்போச்சு. குறிச்சுக்கோ!"

"நன்றி. பார்த்தது யார்?" என்றது பெட்டி.

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "பரவாயில்லையே, நீயும் கேக்கக் கத்துக்கிட்டே!"

எல்லாம் படித்த பெட்டியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்; ஆனால் அதைக் கேட்டுக் கேட்டே நம் சொந்த மூக்கை மறந்துவிடக் கூடாது.