மண்டகப்படித் தண்ணீர்

“என் திட்டத்துல என்னம்மா குறை?”

தாணு இதைக் கேட்டபோது குரு நாச்சியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஒரு குறையும் இல்லை. நல்ல திட்டம்.”

“பிறகு ஏன் ஓடை இன்னும் நாறுது?”

குரு பழுத்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

தாணு பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துக்குச் சீடராக வந்தபோதே தலை நரைத்திருந்தது. குருவைவிட இருபது வயது மூத்தவர். குரு அவருக்கு இட்ட ஒரே பணி, நங்கையோடையைச் சுத்தம் செய்வது.

ஓடை முதலில் சாயத் தெருவைத் தொடும். அடுத்து நெல் அவிக்கும் ஆலைத் தெரு. கடைசியாகத் தெற்குத் தெரு.

தாணு தெருவுக்குத் தெரு வடிகட்டும் தொட்டி கட்டினார். விதிகளை எழுதிப் பலகை நட்டார்.

தொட்டிகளில் குப்பை நிறைந்தது. பலகைகளில் வேட்டி காய்ந்தது.

“தெற்குத் தெருப் பிள்ளைகளுக்கு இந்த வருஷமும் சொறி, வயித்துப்போக்கு. என்னால முடியலை. நான் ஊருக்குப் போறேன்மா.”

குரு நிமிர்ந்தார்.

“அம்மனுக்கு அபிஷேகத் தண்ணி எங்கேயிருந்து வருது?”

“மலைச் சுனையிலிருந்து. அது சுத்தமான தண்ணி.”

“இனிமே வேண்டாம். எந்தத் தெரு மண்டகப்படியோ, அந்தத் தெருப் படித்துறையில எடுக்கட்டும்.”

மடத்து அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவில் தெருவுக்கு ஒரு நாள் மண்டகப்படி. அன்றைய செலவும் அந்தத் தெருவுடையது, பெருமையும் அந்தத் தெருவுடையது.

தாணு பதறினார். “சாயத்தையும் அவிச்ச கழிவையுமா அம்மன் தலையில ஊத்தறது?”

“இப்ப யார் தலையில ஊத்துறாங்க?”

தாணு தெற்குத் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

*

தை பிறந்ததும் மடத்திலிருந்து அறிவிப்புப் போனது. சாயத் தெருப் பெரியதனக்காரர் கொம்பையா அன்றே வந்து நின்றார்.

“செவப்புத் தண்ணியில அபிஷேகமா? சம்பந்தகாரங்க எல்லாம் வர்ற நாளும்மா. மானம் போயிரும்.”

“அப்ப விட்டுக் குடுத்திடுங்க. ஆலைத் தெருக்காரங்க அந்த நாளையும் சேர்த்து எடுத்துக்குவாங்க.”

“அவனுவளா?” கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டார். “உசுரே போனாலும் விடமாட்டோம்.”

ஆலைத் தெருக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அவித்த தண்ணீரை ஓடைக்கு விடாமல் மறித்தார்கள். ஆனாலும் அவர்கள் படித்துறையில் தண்ணீர் சிவப்பாகவே வந்தது.

ஒரு நாள் காலை, ஆலைத் தெருச் சுடலைமணி இருபது ஆட்களோடு சாயத் தெருவுக்குள் நுழைந்தார். கைகளில் மண்வெட்டி.

வெட்டுக்குத்து ஆகிவிடும் என்று தாணு ஓடினார்.

அங்கே இரண்டு தெருக்காரர்களும் தொட்டிக்குள் இறங்கிக் குப்பையை வாரிக்கொண்டிருந்தார்கள். ஏச்சு மட்டும் குறையவில்லை.

“ஐயா, நல்ல நேரத்துல வந்தீய,” என்றார் கொம்பையா. “இந்தத் தொட்டி எப்படி வேலை செய்யும்?”

“நாலு தடவை வந்து சொன்னேனே!”

“அப்ப இது உங்க தொட்டியால்லா இருந்துச்சு.”

தாணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

*

அந்த ஆடியில் சாயத் தெருக் குடத்துத் தண்ணீரில் லேசான ரோஸ் நிறம் இருந்தது. குரு மறு பேச்சில்லாமல் ஊற்றச் சொன்னார்.

ஆலைத் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “என்ன கொம்பையாண்ணே, அம்மனுக்கு ரோஸ் மில்க்கா?”

“அடுத்த வருஷம் பாருலே,” என்றார் கொம்பையா. அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த ஆடி வந்தது. சாயத் தெருக் குடத்தில் அடி தெரிந்தது. ஆலைத் தெருக் குடத்தில் வாடை இல்லை.

கடைசி நாள் தெற்குத் தெருவுடையது. மற்ற தெருக்காரர்களும் கூப்பிடாமலே அங்கே வந்து கூடியிருந்தார்கள். படித்துறையில் பிள்ளைகள் முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். ஒரு தாயும் விரட்டவில்லை.

தெற்குத் தெருப் பிரமு குடத்தை முக்கி எடுத்தாள். கனமான குடம். தாணு கை கொடுக்கப் போனார்.

“தள்ளி நில்லுங்கய்யா. இது எங்க தெருத் தண்ணி. நாங்கதான் தூக்குவோம்.”

பின்னாலிருந்து கொம்பையா குரல் வந்தது. “உங்க தண்ணியா, ஆத்தா? எங்க தெருவிலிருந்து வாறது அது!”

“நாங்க வழி விடாம வந்திருமோ?” என்றார் சுடலைமணி. “சொல்லப்போனா எங்க தண்ணி.”

“ஒரு குப்பை விழாம கடைசி வரைக்கும் காப்பாத்தினது யாரு?” பிரமு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே திரும்பினாள்.

மூன்று தெருக்களும் கத்தத் தொடங்கின. மேளச் சத்தம் அதில் அமுங்கிப்போனது.

தாணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

“அம்மா, பெரிய சண்டையாயிரும் போலிருக்கு. நான் போய் நிறுத்தட்டுமா?”

குரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்திடாதீங்க.”