பால்குடத்துக்கு விலங்கு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள். அதற்கு ஓர் அரசர் இருந்தார், அந்த அரசருக்கு ஒரு வயிறு இருந்தது, நம் கதைக்கு அது போதும்.

எல்லையில் சண்டை இல்லை. ஏரி குளங்கள் நிரம்பிக் கிடந்தன. ஆனால் மாலைச் சாப்பாடு முடிந்து வெற்றிலையை மடிப்பதற்குள் அரசருக்கு வயிற்றில் கத்தியைச் செருகித் திருகுவதுபோல ஒரு வலி வரும். சிங்காதனத்தில் நிமிர்ந்து உட்காருகிற மனிதர் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடப்பார். அரண்மனை வைத்தியர் சூரணத்தைப் பாலில் குழைத்துக் கொடுப்பார். வலி கூடும். வைத்தியர் சூரணத்தைக் கூட்டுவார். அதோடு பாலும் கூடும்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. சமைத்தவரே அரசருக்கு எதிரே உட்கார்ந்து, எல்லாப் பதார்த்தத்திலும் கொஞ்சம் எடுத்து உண்டு காட்ட வேண்டும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, அவரே தம் கையால் அரசருக்குப் பரிமாற வேண்டும். நஞ்சுக்குப் பயந்து முன்னோர்கள் செய்து வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதை வைத்துக்கொண்டுதான் தலைமை அமைச்சரான பிரதானி சிங்கமராயர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"உண்டு காட்டியவன் நலமாக இருக்கிறான். ஆகவே உணவில் குற்றமில்லை. உண்ட மன்னர் துடிக்கிறார். ஆகவே உண்டு காட்டிய பிறகு நஞ்சு கலந்திருக்கிறது. பரிமாறிய கை எதுவோ, அதுவே துரோகியின் கை" என்றார்.

சபை தலையை ஆட்டியது. கேட்பதற்கு ஒழுங்காக இருந்தால் போதும், சபைகள் தலையை ஆட்டிவிடும். அப்போது மடைப்பள்ளியின் தலைமைச் சமையற்காரராக இருந்தவர் குழந்தைவேலு. "நானும் அதையேதானே சாப்பிட்டேன் சாமி, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அவர் அழுதார். அந்தச் சொல்லே அவருக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று. ஆற்றங்கரைக் கொலைக்களத்தில் அவர் தலை விழுந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் குடும்பம் என்று அவர் மனைவி மக்களையும் ஊரைவிட்டு விரட்டினார்கள்.

அந்தச் சாவுக்குப் பிறகு அரசருக்குச் சோறு இறங்கவில்லை. யாரையும் பார்க்காமல் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தார். வலி நின்றுவிட்டது. "துரோகி போனான், நோய் போயிற்று" என்று பிரதானி மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் அரசர் தேறி, பழையபடி விருந்து உண்ணத் தொடங்கியதும் வலியும் பழையபடி வந்து சேர்ந்தது. இந்தத் தடவை சமையற்காரர் மாசிலாமணி என்கிற வேறொருவர். அவருக்கு மணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

வலி தெளிந்த மறுநாள் அரசர் சபைக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"என் வயிற்றில் குத்துகிற துரோகியைப் பிடித்து என் முன்னால் நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் மாசிலாமணியைக் கொலைக்களத்துக்கு அனுப்புங்கள்" என்றார்.

அந்தச் சபையில் ஆவுடையான் என்றொரு விகடன் இருந்தான். எந்தச் சொல்லையும் சொன்னபடியே எடுத்துக்கொண்டு காரியம் செய்வது அவன் குணம். அரசர் அதற்காகவே அவனை அருகில் வைத்திருந்தார், பிரதானி அதற்காகவே அவனை வெறுத்தார். குழந்தைவேலுவின் வழக்கு நடந்தபோது அவன் வெளியூரில் இருந்தான். இன்று அவன் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. எழுந்து வந்து வணங்கினான்.

"மன்னா, பிடிக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள்."

"பிடிக்காவிட்டால்?" என்று பிரதானி கேட்டார்.

"மாசிலாமணியின் தலைக்குப் பக்கத்தில் என் தலைக்கும் இடம் போடுங்கள். ஆனால் எனக்கு இரண்டு வேண்டும். மன்னரின் வயிற்றுக்குள் போனவர் யாராக இருந்தாலும் சிறைப்படுத்த எனக்கு அதிகாரம் வேண்டும். விசாரணை முடிகிறவரை மாசிலாமணியே சமைக்க வேண்டும், அவரே பரிமாற வேண்டும். அவரை அடைத்து வைத்த பிறகு வலி நின்றால், பார்த்தாயா என்பார் பிரதானி."

அரசர் சம்மதித்தார். ஆவுடையான் சேவகர்களை அழைத்துக்கொண்டு நேரே மடைப்பள்ளிக்குப் போனான்.

சற்று நேரத்தில் தெருவெல்லாம் கூட்டம். முன்னால் பால்குடம் போயிற்று, கழுத்தில் இரும்புச் சங்கிலி. அதன் பின்னால் நெய்ச் சாடி, மோர்ப் பானை, கோதுமை மூட்டை, துவரம்பருப்புப் பானை, ஒரு கூடைக் கத்தரிக்காய். எல்லாவற்றுக்கும் விலங்கு. சேவகர்கள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு அவற்றைச் சிறைச்சாலைக்குள் கொண்டுபோய் அடைத்துப் பூட்டினார்கள்.

மாடத்திலிருந்து பார்த்த அரசர் வெகு காலத்துக்குப் பிறகு சிரித்தார்.

"கத்தரிக்காய் எங்கேயடா தப்பி ஓடப்போகிறது?"

"ஓடாது மன்னா. ஆனால் காவல் இல்லாவிட்டால் தங்கள் இலைக்கு வந்துவிடும். குற்றம் நடந்தது தங்கள் வயிற்றில். அந்த இடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம். இவர்களை விட்டுவிட்டு, உள்ளே போகவே போகாத மாசிலாமணியை எப்படிப் பிடிப்பது?"

அன்று அரசருக்குக் குழைந்த சோறும், பாசிப்பருப்பும், பீர்க்கங்காயும், சீரகம் போட்ட வெந்நீரும்தான். அரசர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கம்போலப் பிரதானியும் பக்கத்தில் வந்து அமர்ந்து, ஒற்றர்கள் கொண்டுவந்த சேதிகளைச் சொல்லத் தொடங்கினார். எந்தப் பாளையக்காரன் மன்னரைக் கேலி பேசினான், எவன் திறை கட்ட மறுத்தான் என்று ஒவ்வொன்றாக வந்தது. கேட்கக் கேட்க அரசரின் கை சோற்றைப் பிசைந்து கூழாக்கியது. மெல்லாமலே விழுங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"மன்னா, இன்னொரு கைதி இருக்கிறது. வாய் வழியாகப் போனவற்றைப் பிடித்துவிட்டேன். காது வழியாகவும் ஒன்று தங்கள் வயிற்றுக்குள் போகிறது" என்றான் ஆவுடையான்.

"பிரதானியைச் சிறையில் போடச் சொல்கிறாயா?"

"அவர் வீட்டுக்குப் போகட்டும். தாங்கள் இலையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர் சொல்லும் சேதிக்கு மட்டும்தான் சிறை. காலையில் சபையில் சொல்லட்டும்."

பிரதானி எழுந்து போனார். போகும்போது ஆவுடையானின் கழுத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார்.

வலி நின்றது. அரசர் படுத்ததும் தூங்கினார். அதன் பிறகு ஆவுடையான் சில நாளுக்கு ஒரு கைதியாக வெளியே விட்டான். நெய் வந்தது, ஒன்றும் ஆகவில்லை, விலங்கைக் கழற்றினான். கோதுமை வந்தது. பருப்பு வந்தது. பிறகு கத்தரிக்காய், மோர். எல்லோருக்கும் விடுதலை. ஒவ்வொரு முறையும் மாசிலாமணி பரிமாறிவிட்டுத் தூணோரம் நின்று அரசரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஐயா, மன்னர் ஒரு ஏப்பம் விட்டா எனக்கு உசுரு போயிட்டு வருது. வீட்ல அவ தூங்கறதே இல்ல" என்றார் ஒருநாள்.

"எனக்கும் அதேதான் மாசிலாமணி. கழுத்து அரித்தால்கூடக் கத்தியோ என்று தோன்றுகிறது" என்றான் ஆவுடையான். அதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

கடைசியாகப் பால் வந்தது. அமைதியாக உண்டு முடித்த அரசர் ஒரு கிண்ணம் பால் குடித்தார். சற்று நேரத்தில் வயிறு இரைந்தது. உப்பிக்கொண்டு சங்கடம் செய்தது. ஆனால் கத்தி வரவில்லை.

மறுநாள் சபையில் அரசருக்குக் கோபம் வந்தது. "பெற்றவளுக்கு அடுத்தபடி என்னை வளர்த்தது பால். அதையா குற்றம் சொல்கிறாய்? மாசிலாமணியும்தான் குடித்தான். அவன் நன்றாக இருக்கிறானே."

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள் மன்னா. மாசிலாமணியின் வயிறு தங்கள் வயிறு ஆகுமா? தொட்டிலில் கிடந்தபோது இருந்த தங்கள் வயிறும் இன்றைக்கு இருக்கும் வயிறும்கூட ஒன்றில்லை. அன்று ஒத்துக்கொண்டது இன்று ஒத்துக்கொள்ளவில்லை. மோராகப் புளித்து வந்தால் ஏற்றுக்கொள்கிறது, பாலாக வந்தால் முரண்டு செய்கிறது. அதன் மேல் கோபித்து என்ன செய்வது?"

பிரதானி இதற்காகவே காத்திருந்தார். "மன்னருக்கு வந்தது வெறும் இரைச்சலா? உயிர் போகும் குத்து. பால் இரையும், குத்தாது. விகடனும் சமையற்காரனும் கூடிக்கொண்டு நஞ்சைச் சில நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விட்டால் மறுபடியும் தொடங்குவார்கள்" என்றார்.

அரசரின் முகம் மாறியது. சபை மறுபடியும் தலையை ஆட்டத் தயாரானது.

"பிரதானி சொல்வது சரி" என்றான் ஆவுடையான். "சந்தேகமே இல்லாத கை ஒன்று பரிமாறினால்தான் உண்மை தெரியும். பிரதானியின் கையைவிட நம்பகமான கை இந்த நாட்டில் ஏது? அவர் வீட்டுப் பசுவின் பால், அவர் வீட்டு அடுப்பில் காய்ச்சட்டும். அவரே முதலில் குடித்துக் காட்டட்டும். அவர் கையாலேயே கொடுக்கட்டும். பழைய வழக்கப்படி சேதியும் சொல்லட்டும்."

பிரதானி மார்பை நிமிர்த்திக்கொண்டு சம்மதித்தார்.

ஆவுடையான் அரசரைத் தனியே கண்டு காலில் விழுந்தான். "இன்று வலிக்கும் மன்னா. வலிக்கும் என்று சொல்லிவிட்டே கேட்கிறேன். தாங்கள் ஒரு மாலைப் பொழுது பொறுத்துக்கொண்டால் ஓர் உயிர் பிழைக்கும்." அரசர் சரி என்றார்.

மாலை விளக்கு வைத்ததும் பிரதானி வெள்ளிச் செம்பு நிறையப் பாலோடு வந்தார். எல்லோரும் பார்க்க அரைக் கிண்ணம் குடித்துக் காட்டினார். அரசர் உண்ண ஆரம்பித்ததும் சேதியையும் ஆரம்பித்தார். எல்லைப் பாளையக்காரன் மன்னரின் தூதனைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டானாம். அரசர் என்னதான் பொறுக்க நினைத்து உட்கார்ந்தாலும் அரசர் அல்லவா? கண் சிவந்தது, மூச்சு இரைத்தது, சோறு மெல்லாமலே உள்ளே போயிற்று. செம்புப் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைத் தரையில் அடித்தார்.

வெற்றிலைக்குக் கை நீட்டியவர் அப்படியே மடங்கிச் சாய்ந்தார். அதே கத்தி, அதே திருகல்.

"பரிமாறிய கையைப் பிடியுங்கள்" என்றான் ஆவுடையான்.

சேவகர்கள் பிரதானியின் இரு கைகளையும் பின்னுக்கு வளைத்துக் கட்டினார்கள். "நானும் அதையேதான் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. எல்லோரும் பார்த்தீர்களே" என்று அவர் அலறினார்.

வலியில் துடித்துக்கொண்டிருந்த அரசருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. வேர்த்து, தலைப்பாகை அவிழ்ந்து நின்ற பிரதானியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இந்தச் சொற்களை அவர் முன்பே கேட்டிருக்கிறார், இதே கூடத்தில்.

"குழந்தைவேலு" என்றார் அரசர்.

மாசிலாமணி வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார்.

வலி அடங்கிய பிறகு ஆவுடையான் சொன்னான்: "பால் தனியாக வந்தபோது இரைச்சலோடு போயிற்று. கோபத்தையும் கூட்டிக்கொண்டு வந்தபோது குத்தியது. குழந்தைவேலு போன பிறகு தாங்கள் கஞ்சியைத் தவிர எதுவும் தொடவில்லை, யாரிடமும் சேதி கேட்கவில்லை. அதனால்தான் அப்போது வலி நின்றது. அவர் தலை போனதால் அல்ல."

அரசர் பிரதானியின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். "இந்தக் கையிலும் நஞ்சில்லை, விடுங்கள்" என்றார். பிரதானி தம் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

விகடனின் கதை என்றால் அரசர் சிரிப்பதும் பரிசு கொடுப்பதும் உண்டு. சிரித்ததை நீங்கள் பார்த்தீர்கள். கழுத்திலிருந்த முத்துமாலையையும் கழற்றினார். ஆவுடையான் அதை வாங்கி மாசிலாமணியின் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தூங்கும்படி அனுப்பினான். "எனக்கு வேறு பரிசு வேண்டும் மன்னா" என்றான். அது என்ன என்று அரசர் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

குழந்தைவேலுவின் மனைவி செல்லாயி அடுத்த ஊரில் நெல் குத்திப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பறையறைவோர் முன்னால் போக, குழந்தைவேலு குற்றமற்றவர் என்று வழியெல்லாம் அறிவித்துக்கொண்டே அரசர் அங்கே நடந்து வந்தார். அவள் உலக்கையைச் சுவரோரம் சாத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"உன் கணவர்மேல் பழியில்லை அம்மா. பிழை என்னுடையது. நீ பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்ப வேண்டும்" என்றார் அரசர்.

அவள் முந்தானையால் கையிலிருந்த உமியைத் துடைத்தாள்.

"ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறப்ப நான் பின்னாலயே ஓடினேன். என்கிட்ட அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. ராசாவுக்கு வயித்து வலி நின்னுச்சான்னு கேட்டாரு" என்றாள்.

அன்று மாலையிலிருந்து நின்றுதான் இருந்தது. அதை அவளிடம் சொல்ல அரசருக்கு வாய் வரவில்லை.