விசில் அடிக்காத மூடி

முதலில் விசில்தான் கேட்டது.

மெல்லிய, நீண்ட விசில். நடுவில் அறுந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. மேட்டுப்பாளையம் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, பட்டறைச் சந்துக்குள் நுழைந்து, நெருங்கிக்கொண்டே வந்தது.

பொன்னுரங்கத்தின் கையில் அரம் நின்றுவிட்டது.

“என்னமோ வெடிக்கப் போகுதுங்க வாத்தியாரம்மா.”

“கார் வருதுங்கண்ணா,” என்றாள் திலகமணி. லேத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நூல் மில்லை மூடிய பிறகு அவளிடம் கடைசல் வேலை கற்க வந்தவன் அவன். அவனுடைய கடைசித் தங்கையைவிட அவள் சின்னவள். ‘வாத்தியாரம்மா’ என்று கேலியாகத்தான் ஆரம்பித்தான். அவள் கடைந்த ஒரு போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததும் கேலி போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

“எந்தச் சத்தம் கேட்டாலும் பயமா இருக்குதுங்க. பூட்டின கதவைப் போய்ப் போய் இழுத்துப் பாக்கறேன். படுத்தாத் தூக்கம் இல்லை. வீட்டுலயும் சொல்ல முடியலீங்க. இதுக்கு என்னதானுங்க வழி?”

“அந்தச் சாக்கை நனைச்சு எடுத்துட்டு வாங்க. வண்டி சூடா வருது.”

அவன் சாக்கை நனைத்தான்.

உள்ளே நுழைந்தது வெள்ளைக்காரன் காலத்துக் கார். கறுப்பு. முன்னால் நெஞ்சு உயரத்துக்குப் பித்தளை ரேடியேட்டர். அதன் உச்சியில் தேய்ந்த ஒரு திருகு மூடி. விசிலும் நூல் மாதிரி ஆவியும் அங்கிருந்துதான் வந்தன.

தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெஞ்சமின் இறங்கினார். முன்கண்ணாடியில் தெறித்திருந்த நீர்ப்புள்ளிகளைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“மேஸ்திரி நீங்கதானா?” என்று பொன்னுரங்கத்தைக் கேட்டார்.

பொன்னுரங்கம் அரத்தால் திலகமணியைக் காட்டினான்.

“இது பாடுதும்மா. கல்யாணத்துக்குப் போனா நாயனக்காரரே திரும்பிப் பாக்கறார். ஞாயித்துக்கிழமை கோத்தகிரியில பழைய வண்டிக் கண்காட்சி. அங்க போய் நின்னு என் மானம் போகக்கூடாது. புது மூடி வேணும். ஒரு சொட்டு வெளிய வரக்கூடாது.”

ஒரு பையைக் கவிழ்த்தார். மூடிகள் உருண்டன. மும்பையில் வாங்கியது, சென்னையில் வாங்கியது, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது.

“எல்லாமே பாதி ஏறும். அப்புறம் நின்னுடும்.”

“பாதியிலயே விட்டது நல்லதுங்க,” என்றாள் அவள். “ஸ்பானர் போட்டு அழுத்தலீங்களே?”

பெஞ்சமின் மூடிகளைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தார். ஸ்பானர் போட்டிருந்தார் என்று தெரிந்தது.

வண்டி ஆறியதும் அவள் பழைய மூடியைக் கழற்றிப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தாள்.

“போடுங்க பாக்கலாம்.”

அவன் வைத்து வலது பக்கம் திருகினான். கோணலாக ஏறியது.

அவள் அவன் கைமேல் கை வைத்து, இடது பக்கம் திருப்பினாள். கழற்றுகிற பக்கம். மெதுவாக. மூடி ஒரு மயிரிழை இறங்கியது, படியில் கால் இறங்குகிற மாதிரி.

“இப்பத் திருகுங்க.”

விரல் நுனிக்கே வழுக்கிக்கொண்டு போனது.

“அவசரப்பட்டு முன்னால தள்ளுனா திருகு மரை போயிரும். ரேடியேட்டர் கழுத்து மிருதுவான பித்தளை. மூடி போனா வேற செய்யலாம். கழுத்து போனா வண்டியே போச்சு.”

மறுநாள் அவளுக்கு ஈரோட்டில் அக்கா மகளின் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் திரும்புவாள். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

“பழசுல என்னென்ன இருக்குதோ, அதெல்லாம் புதுசுலயும் இருக்கோணும்.”

கெட்டுப்போனதுமா என்று கேட்க நினைத்தான். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பாளோ என்று பயந்து, தலையை ஆட்டினான்.

வண்டியைப் பெஞ்சமின் பட்டறையிலேயே விட்டுப் போயிருந்தார். பொன்னுரங்கம் தனியாக நின்று கடைந்தான். பித்தளைச் சுருள்கள் காலடியில் விழுந்தன. பழைய மூடியின் மரை தேய்ந்து லொடலொடத்தது. இவன் இறுக்கமாக வெட்டினான். பழைய மூடியின் நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. பூச்சி அரித்த மாதிரி இருந்தது. தண்ணீர் தெறிப்பது இதில்தான் என்று கண்டுபிடித்ததில் அவனுக்குப் பெருமை. புதிதில் துளை வைக்கவில்லை.

ரேடியேட்டரின் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தான். உபரித் தண்ணீர் கீழே இறங்க ஒரு சிறு குழாய் இருந்தது. அதன் வாயை யாரோ எந்தக் காலத்திலோ ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். நம்மைப் போல ஒரு ஆள், நல்ல வேலை செய்திருக்கிறான் என்று பட்டது.

போதாததற்குத் தோல் வாஷர் ஒன்று வெட்டி உள்ளே வைத்தான்.

பெஞ்சமின் வந்தார். இன்ஜினை ஓடவிட்டார். சத்தம் இல்லை. ஒரு சொட்டு இல்லை. பொன்னுரங்கத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவன் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்தபோது, பழைய மூடியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தங்கம் மாதிரி மின்னியது. எடுத்துக் காட்டினான்.

அவள் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“இது புதுசுல எங்க இருக்குது?”

“எதுங்க?”

“இந்தத் துளை.”

“அதுலதானுங்க ஒழுகுச்சு. அடைச்சுட்டேன்.”

“கழுத்துக்குள்ள குழாய் இருந்திருக்குமே?”

“அதை முன்னாலயே யாரோ அடைச்சிருந்தாங்க.”

“அப்ப ஆவி போக வழியே இல்லை,” என்று மட்டும் சொன்னாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. உள்ளே போய் ஒரு பையில் எதையோ போட்டு எடுத்துவந்தாள்.

“சார் எப்பக் கிளம்புனார்?”

“அரை மணி நேரம் இருக்குமுங்க. இந்தப் பக்கமாத்தான் போனார். கை காட்டிட்டுப் போனார்.”

“போன் போடுங்க.”

போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி போட்டான். அதே குரல், அதே நிதானம்.

“மலை ஏறியாச்சு,” என்றாள் திலகமணி. “வண்டியை எடுங்க.”

அவளுடைய மொபெட்டை அவன் ஓட்டினான். அவள் பின்னால் பையோடு உட்கார்ந்தாள். பாக்குத் தோப்புகள் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் மொபெட் இரும ஆரம்பித்தது.

ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அவன் கண்ணுக்கு ஒரு கறுப்புக் காரும், அதன் முன்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடக்கும் மனிதரும் தெரிந்தார்கள். வளைவைத் தாண்டினால் வெறும் ரோடு. குரங்குகள்.

“கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிச்சா கண்ணு போயிருமுங்களா?”

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

“வாத்தியாரம்மா, இன்னும் வேகமாப் போகட்டுங்களா?”

“நாம இந்தப் பள்ளத்துல விழுந்தா அவருக்கு யாரு போய்ச் சொல்றது?”

அவன் அதே வேகத்தில் போனான்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில், சில்வர் ஓக் மரத்தடியில், கார் நின்றிருந்தது.

பெஞ்சமின் உயிரோடு நின்றிருந்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பானட்டின் பக்கவாட்டில் சாய்ந்து, மூடியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

விசில் இல்லை. ஆவி இல்லை. ஒரு சத்தமும் இல்லை. பொன்னுரங்கத்துக்கு அதுதான் தாங்கமுடியவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

திலகமணி அவன் கையைக் கிள்ளினாள்.

“சார்,” என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள். “கொஞ்சம் இங்க வாங்க. உங்க வீட்டுல இருந்து ஒரு சேதி.”

பெஞ்சமின் கையை எடுத்துவிட்டு, துண்டோடு நடந்து வந்தார்.

“என்ன சேதி? நானே இப்பத்தான் நிறுத்தினேன். வண்டி இழுக்கவே மாட்டேங்குது. அந்த ஊத்துல கேனை வெச்சிருக்கேன். தண்ணி ஊத்தலாம்னா உங்க மூடி அசைய மாட்டேங்குது. நல்லாத்தான் செஞ்சிருக்கார் உங்க ஆள்.”

“இன்னும் தள்ளி வாங்க. இந்தக் கல்லுல உக்காருங்க.”

“சேதி என்னம்மா?”

“சேதி ஒண்ணும் இல்லீங்க. உக்காருங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

பொன்னுரங்கம் உட்காரவில்லை. காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அவள் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க போறீங்க?”

“நான் போய்த் திறக்கறேனுங்க. நான் செஞ்ச தப்பு. என் மேலயே அடிக்கட்டும்.”

“அப்புறம் உங்களை ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டுப் போறது? இந்த மொபெட்டா?”

“சும்மா உக்காந்திருக்க முடியலீங்க வாத்தியாரம்மா.”

“தெரியுது. உக்காருங்க.”

சட்டையை அவள் விடவில்லை. அவன் உட்கார்ந்தான்.

காற்று இல்லை. ஒரு அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனது. ஜன்னலிலிருந்து ஒருவர் வெற்றிலை துப்பினார். பெஞ்சமின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கண்காட்சிக்கு ஜட்ஜு வந்திருப்பார்,” என்று எழுந்து, கார் பக்கம் ஒரு அடி வைத்தார்.

அப்போதுதான் வெடித்தது.

பெரிய வெடியெல்லாம் இல்லை. மாடு தும்மிய மாதிரி ஒரு சத்தம். மூடி அசையவே இல்லை. அதற்குக் கீழே, ரேடியேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கிற ரப்பர் ஹோஸ் கிளிப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. கொதிநீரும் ஆவியும் பக்கவாட்டில் பாய்ந்தன. கொஞ்சம் முன்பு பெஞ்சமின் துண்டோடு நின்ற இடத்தில், ரோட்டோரப் புல் அப்படியே படுத்துவிட்டது.

ஆவி கலைய வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் பொன்னுரங்கம் துளையை அடைத்ததைச் சொல்லி முடித்திருந்தான்.

பெஞ்சமின் துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

“ஏன்யா,” என்றார் கடைசியில். “ஏன்யா அப்படிச் செஞ்சே?”

“பயமுங்க.”

“என்ன பயம்?”

“ஒரு சொட்டு வந்தாலும் நீங்க ஏதாவது சொல்லுவீங்களோன்னு.”

பெஞ்சமின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தானே சொன்னேன், ஒரு சொட்டு வரக்கூடாதுன்னு,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

வண்டி ஆறியது. திலகமணி புறங்கையால் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள்.

“அண்ணா, மூடியைக் கழட்டுங்க.”

“நீங்களே கழட்டிருங்க. எனக்குக் கை நடுங்குதுங்க.”

“நடுங்கட்டும். அந்தக் கையிலயே கழட்டுங்க.”

துண்டை வாங்கிச் சுற்றிக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் திருகினான். நின்றான். கொஞ்சம் திருகினான். நின்றான். தோல் வாஷர் பிய்கிற சத்தம் கேட்டது. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. மூடி வந்துவிட்டது.

கையில் அதை வைத்துக்கொண்டு நின்றான். அழகான மூடி. ஒரு பிசிறு இல்லை.

“வாய்ல வெச்சு ஊதுங்க,” என்றாள்.

“எதுங்க?”

“மூடியை. உள்பக்கமா வெச்சு ஊதுங்க.”

மரை உதட்டில் அழுந்த வைத்துக்கொண்டு ஊதினான். கன்னம் உப்பியது. இன்னும் ஊதினான். காது அடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. எடுத்துவிட்டான்.

“காத்து எங்க போச்சு?”

“எங்கயும் போகலீங்க.”

“அப்ப எங்க இருக்குது?”

பொன்னுரங்கம் மூடியைப் பார்த்தான். பிறகு தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான், யாரோ அங்கே தட்டின மாதிரி.

அவள் பையிலிருந்து கை டிரில்லை எடுத்து நீட்டினாள்.

அவன் கல்லில் உட்கார்ந்து, மூடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு துளை போட்டான். பித்தளைத் தூள் வேட்டியில் உதிர்ந்தது. அந்த நேரத்தில் அவள் ஹோஸை மாட்டிக் கிளிப்பை முறுக்கினாள். பெஞ்சமின் கேட்காமலேயே பிடித்துக்கொண்டார்.

“மறுபடி ஊதுங்க.”

ஊதினான். மூச்சு மெல்லிய கோடாக வெளியே போனது. அவன் எடுக்கவில்லை. ஊதிக்கொண்டே இருந்தான். தோள்கள் இறங்கின. மலை ஏறியதிலிருந்து உள்ளேயே கிடந்ததா, அதற்கு முன்னாலிருந்தே கிடந்ததா, போய்க்கொண்டே இருந்தது.

“போதுமுங்கண்ணா,” என்றாள்.

அவன் இன்னும் ஊதினான்.

“வண்டியில தண்ணி இல்லைய்யா,” என்றார் பெஞ்சமின் மெதுவாக.

பொன்னுரங்கம் மூடியை வேட்டியில் துடைத்துத் திலகமணியின் கையில் கொடுத்தான். ஊற்றடியில் பெஞ்சமின் விட்டு வந்த கேன் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. போய் அதைத் தூக்கிவந்து, ரேடியேட்டரின் கழுத்தில் சாய்த்து, சிந்தாமல் ஊற்ற ஆரம்பித்தான்.