புண் கழுவும் வேலை

மலையடிவாரத்தில் ஒரு வைத்திய மடம் இருந்தது. குரு நாச்சியம்மாளுக்கு நாற்பது வயது. சீடர் திருமேனிக்கு ஐம்பத்திரண்டு. உப்பு வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு வைத்தியம் படிக்க வந்தவர். அடுத்தவரிடம் வேலை வாங்குவதில் மன்னன்.

வந்த நாலாம் மாதம் குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, நேரம் பத்தலீங்க. படிக்க வேண்டிய ஏடு மலையாட்டம் கெடக்குது. நான் விறகு பொளந்துட்டு இருக்கறேன். ஆள் வெச்சுக்கட்டுங்களா?"

"வெச்சுக்குங்க. விறகு பொளக்க யாரா இருந்தா என்ன?"

"புண்ணு கழுவறதுக்குமுங்க. காலையில உக்காந்தா உச்சிப் பொழுதாயிருது."

நாச்சியம்மாள் கையிலிருந்த வேரைக் கீழே வைத்தார். "அதையுமா?"

"தண்ணி ஊத்தித் தொடைக்கற வேலைதானுங்களே."

"உங்க இஷ்டமுங்க" என்றார் குரு.

விறகுக்கு ஓர் ஆள் வந்தான். புண் கழுவப் பூவாத்தாள் வந்தாள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. திருமேனி ஏட்டுக்குள் புகுந்துகொண்டார். இரண்டே மாதத்தில் புண்ணின் வகைகளையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தார். கேட்காதவர்களிடமும் ஒப்பித்தார், அதுதான் தொல்லை.

மாசியில் குரு மூலிகை தேடி மலை ஏறினார். திரும்பி வர நாலு நாள் ஆகும். அப்போது மடத்தில் ராக்கியப்பன் என்ற பனையேறி படுத்திருந்தான். பனை மட்டையின் ரம்பம் போன்ற கருக்கு பாதத்தை ஆழமாகக் கிழித்திருந்தது. கடுக்காய்த் தண்ணீரில் இரண்டு வேளையும் கழுவச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் குரு.

மூன்றாம் நாள் உச்சிப் பொழுதில் திருமேனி எட்டிப் பார்த்தார். புண்ணின் விளிம்பு முழுக்கக் கறுத்திருந்தது. நெற்றியைத் தொட்டார், சுட்டது. ஓடிப் போய் ஏட்டைப் பிரித்தார். விளிம்பு கறுத்துக் காய்ச்சலும் கண்டால், பொழுது சாயும் முன் பாதத்தை வெட்டி எடுத்துவிடு, இல்லாவிட்டால் உயிர் போகும் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தார். மாற்றமில்லை.

"கத்தியை நெருப்புல போடுங்க" என்றார்.

மடத்து ஆட்கள் நாலு பேர் ராக்கியப்பனை அமுக்கிப் பிடித்தார்கள். அவன் மனைவி செல்லாயி திருமேனியின் காலில் விழுந்தாள்.

"சாமி, பாதமில்லாம எப்படிங்க மரம் ஏறுவாரு? மூணு புள்ளைங்க இருக்குதுங்க."

"பாதம் இருந்து உசுரு போனா?" திருமேனி உண்மையில் பயந்துதான் போயிருந்தார்.

கத்தி சிவந்துவிட்டது. அந்த நேரம் பூவாத்தாள் தண்ணீர்ச் சட்டியோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"கண்ணு தெரியலியா? புண்ணு கறுத்துப் போச்சு."

"அது கறையுங்க."

"என்ன கறை?"

அவள் சட்டியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். விரலெல்லாம் கறுப்பு.

"மண்சட்டி முந்தாநேத்து ஒடஞ்சு போச்சுங்க. இரும்புச் சட்டியில கடுக்காய் காச்சுனனுங்க. மசியாட்டம் எறங்குச்சு. சாம்பல் போட்டுத் தேச்சும் போகலீங்க."

"காய்ச்சல் அடிக்குதே!"

"நேத்து இதவிட அதிகமுங்க. நேத்து நாத்தம் இருந்துச்சு, இன்னைக்குக் காலையில இல்லீங்க. நேத்து வரைக்கும் தண்ணி ஊத்துனா மரக்கட்டையாட்டம் கெடப்பாரு. இன்னைக்குத் தண்ணி பட்டதும் காலைச் சுருக்குன்னு இழுத்தாருங்க."

"ஏடு பொய் சொல்லாது."

"சொல்லாதுங்க. ஆனா அது இந்தக் காலைப் பாத்ததில்லீங்களே."

திருமேனி அவளை அடித்துவிடுவார் போலிருந்தது. அடிக்கவில்லை. குனிந்து புண்ணை மோந்து பார்த்தார். ஏதோ வாடை வந்தது. நேற்று இருந்த நாற்றம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. ஏட்டைப் புரட்டினாலும் தெரியப் போவதில்லை.

"கத்தி ஆறிப் போகுதுங்க" என்றான் பிடித்திருந்தவர்களில் ஒருவன்.

திருமேனி சட்டியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளினார். புண்ணின் மேல் விட்டார். கால் அசையவில்லை.

"அங்கில்லீங்க, விரலடியில" என்றாள் பூவாத்தாள்.

விரலடியில் விட்டார். ராக்கியப்பன் "ஐயோ" என்று பிடியையும் மீறிக் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"கத்தியை எடுத்துக் கொண்டு போயிருங்க" என்றார் திருமேனி. சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் குரு திரும்பினார். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கினார்.

"ஒரு மாசம் போகட்டும். மரம் ஏறலாம்" என்றார்.

திருமேனி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கத்தி சிவந்ததையும் மறைக்கவில்லை.

"அம்மா, நாளையிலிருந்து புண்ணை நானே கழுவறேனுங்க. பூவாத்தாளை மருந்து இடிக்க மாத்திக்கலாமுங்க."

"அதை நீங்க அன்னைக்கே குடுத்துட்டீங்களே."

"திருப்பி வாங்கிக்கறேனுங்க."

"என்னைக் கேட்டா எப்படிங்க? இப்ப அது அவ படிப்பு. உங்களைக் கூடச் சேத்துக்குவாளான்னு அவளைப் போய்க் கேளுங்க."