கடைசியில் வைத்த பாடம்

அல்லியேரிக் கரையில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பழம்பேச்சு மன்றம் என்று ஒரு மன்றம். அதற்குச் செயலாளர் வெள்ளத்தாயி என்ற நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவை. செயலாளர் என்று பெயர்தான் பெரிது. செய்வதெல்லாம் எடுபிடி வேலை!

பழம்பேச்சு என்பது எல்லா உயிர்களும் ஒரே பேச்சாகப் பேசிய காலத்துப் பேச்சு. இப்போது யார் வீட்டிலும் அது இல்லை. வடக்கே பனிமலையிலிருந்து கார்த்திகை மாதம் வந்து சேரும் வரித்தலை வாத்துகள் மட்டும் இன்னும் அதைத்தான் பேசுகின்றன.

அந்த வாத்துகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரைக் கண்டதும் தொப்பென்று இறங்கிவிடாது. மேலேயே வட்டமடித்து, “இறங்கலாமா?” என்று கேட்கும். கீழேயிருந்து நாலடி அழைப்பைப் பழம்பேச்சில் முழுசாகச் சொன்னால்தான் இறங்கும். ஏன் இத்தனை பிகு என்று கேட்காதீர்கள். வாத்து மாதிரியே கத்திக் கூப்பிட்டு வலைபோட்டுப் பிடிக்கிற வேடர்கள் வழியெல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பழம்பேச்சு அரைகுறையாக வரும். முழுசாக வராது.

அந்த நாலடியைக் கற்றுக்கொடுக்கத்தான் மன்றமே உண்டானது. கற்றுக்கொடுத்தவர் கூழைக்கடா வாத்தியார். வருஷா வருஷம் கரையில் தனியாக நின்று அழைப்புச் சொன்னவரும் அவர்தான். சித்திரையில் அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. மகன் வந்து தன் ஏரிக்குக் கூட்டிப்போய்விட்டான்.

புறப்படும்போது வாத்தியார், “இந்த வருஷம் நீங்கதான் கூப்பிடணும். நாலே அடி! கார்த்திகைக்குள்ளே படிச்சுக்குங்க!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அதுக்கென்ன வாத்தியாரே, ஜமாய்ச்சிடுவோம்!” என்றது மன்றத் தலைவர் தளவாய்க் குரங்கு.

வெள்ளத்தாயிக்கு மட்டும் அந்த நாலடி பெரிய கவலையாகிவிட்டது. காரணம் இருந்தது. அந்த வாத்துக் கூட்டத்தில் வடமலையாள் என்று ஒரு கிழ வாத்து. வெள்ளத்தாயிக்கு உயிர்த் தோழி. பனிக்காலம் முழுக்க இரண்டும் அல்லி இலைகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு திரியும். வடமலையாள் பழம்பேச்சில் ஊர்க்கதை சொல்லும், வெள்ளத்தாயி தன் பேச்சில் பதில் சொல்லும். வெள்ளத்தாயிக்குப் பழம்பேச்சைக் கேட்டால் புரியும், வாயில் வராது.

போன பங்குனியில் கிளம்பும்போது வடமலையாள் சொன்னது: “எனக்கு றெக்கை தளர்ந்துபோச்சு தாயி. அடுத்த தடவை இந்த ஏரிவரைக்கும்தான் என்னால பறக்க முடியும். இதைத் தாண்டி ஒரு ஏரிக்குப் போகத் தெம்பு கிடையாது. கூப்பிட ஆள் இருக்கும்ல?”

“இருக்கும் அக்கா! நான் இருக்கேன்!” என்று வாக்குக் கொடுத்தது வெள்ளத்தாயி.

வைகாசியில் முதல் கூட்டம் நடந்தது. தளவாய் சொல்லிக்கொடுக்க, முதல் இரண்டு அடியைப் படித்தார்கள். ‘தண்ணீர் இருக்கிறது’ என்பது முதல் அடி. ‘கரை இருக்கிறது’ என்பது இரண்டாவது. வெள்ளத்தாயி அதை வாய்க்குள்ளேயே உருட்டி உருட்டிப் பழகியது. கழுத்துமடிப்பில் உட்கார்ந்த கொசுவைக்கூட விரட்டாமல் அப்படிப் பழகியது.

அதோடு சரி. தளவாய்க்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

“வெறும் பாடம் நடத்தினா யார் வருவாங்க? பருவத்துக்கு ஒரு விழா வைப்போம்! கூட்டம் சேரும்! பாடத்தைக் கடைசியில வச்சுக்கலாம்.”

“ஆமா, ஆமா! கடைசியில வச்சுக்கலாம்!” என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆனியில் மாம்பழ விருந்து. முள்ளம்பன்றி பிச்சாண்டிக்குச் சாப்பாட்டுப் பொறுப்பு. பழத்தைப் பொறுக்கியது பிச்சாண்டி, சுமந்தது வெள்ளத்தாயி. அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. எல்லாரும் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டார்கள்.

ஆடியில் இலையாடை நாள். பழங்காலத்தில் எல்லாரும் தேக்கிலையைப் போர்த்திக்கொண்டுதான் நடமாடினார்களாம். யார் பார்த்தது? மைனா செவந்தி பார்த்த மாதிரியே சொன்னது. “இலையைத் தைக்க நார் வேணுமே செயலாளரே!” என்றது. நார் கிழித்துக் கிழித்து வெள்ளத்தாயிக்கு அலகே தேய்ந்தது. ஆடிக்காற்று சும்மா விடுமா? விழா அன்றைக்கு ஒரே ஊதில் அத்தனை பேர் உடுப்பும் அக்கரைக்குப் போய்விட்டது. அதைப் பொறுக்கி வரவும் செயலாளர்தான் நீந்திப் போனது.

“பாடம்?” என்று அன்றைக்கு மூச்சு வாங்கக் கேட்டது வெள்ளத்தாயி.

“பொழுது போயிடுச்சே! அடுத்த கூட்டத்துல!” என்றது தளவாய்.

அடுத்த கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் ஒன்று வந்தது. ஐப்பசி இலைப்படகுப் போட்டிக்கு ஆலிலையா, பூவரசிலையா? அதற்கே இருட்டிவிட்டது. வெள்ளத்தாயி தூங்கி வழிந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. பூவரசு ஜெயித்தது என்று மறுநாள் யாரோ சொல்லித்தான் அதற்குத் தெரியும்.

வீட்டுக்குப் போய்த் தனியாகப் படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் படிப்பது? நாலு அடியையும் வாத்தியார் பாறையில் குறிகளாகக் கீறி வைத்திருந்தார். அந்தக் குறியைப் படிக்கத் தெரிந்தது தளவாய்க்கு மட்டும்தான். அதனிடம் போய்க் கேட்டால், “அவசரப்படாதீங்க! எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லித் தர்றேன்!” என்று தோளைத் தட்டும். அதற்கு மேல் மல்லுக்கு நிற்க வெள்ளத்தாயிக்குத் தெம்பு இல்லை. அலுத்துப்போன உடம்புக்குச் சண்டை போடக்கூட வராது.

கார்த்திகை வந்தது. மழை விட்டது. வாத்து வரவேற்பு விழாவுக்கு ஏரிக்கரையே அல்லோலகல்லோலப்பட்டது. அல்லிப்பூத் தோரணம், நாணல் பந்தல், சுட்ட கிழங்கு, மரங்கொத்திகளின் மேளம். ஒன்றுக்கும் குறைச்சல் இல்லை. கண்கொள்ளாக் காட்சிதான். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் வடக்கு வானத்தில் ஒரு கோடு தெரிந்தது.

“வந்துட்டாங்க! வந்துட்டாங்க! மேளத்தை அடிங்க!” என்று குதித்தது தளவாய்.

வெள்ளத்தாயி அப்போது கரையிலேயே இல்லை. பந்தலுக்குப் பின்னால் கருகிப்போன கிழங்கைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தது. பிச்சாண்டி புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் தண்ணி செயலாளரே!” என்று கெஞ்சியது.

வாத்துகள் ஏரிக்கு மேலே வட்டமடித்தன. “இறங்கலாமா?” என்று கேட்டன. மேளம் டமடமவென்று பதில் சொன்னது.

வாத்துகள் மறுபடியும் கேட்டன. தளவாய் செவந்தியைப் பார்த்தது.

“அழைப்பு சொல்லும்மா!”

“நானா? நான் தோரணம் கட்டுறதையில்ல பார்த்தேன்! நீங்கதானே தலைவர்!”

“எனக்கு வரவேற்புரை இருக்கே! எங்கே செயலாளர்? செயலாளரே!”

வெள்ளத்தாயி விழுந்தடித்து ஓடிவந்தது. கால் மடலெல்லாம் சாம்பல். கழுத்தை நீட்டி, தொண்டை கிழியக் கத்தியது.

“தண்ணீர் இருக்கிறது! கரை இருக்கிறது!”

அவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை. வாயைத் திறந்தபடியே நின்றது.

“மூணாவது அடி என்ன? சொல்லுங்க தலைவரே!” என்று கதறியது.

தளவாய் பாறையை நோக்கி ஓடியது. பாறையில் தோரணம் கட்டி மூடியிருந்தார்கள். அது தோரணத்தைப் பிய்க்க, “ஐயோ, என் தோரணம்!” என்று செவந்தி குறுக்கே விழ, பிய்த்து முடிப்பதற்குள் மேலேயிருந்து தலைமை வாத்தின் குரல் கேட்டது. வெள்ளத்தாயிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

“பாதி அழைப்பு! வேடன்தான்! யாரும் இறங்காதீங்க! தெற்கே போங்க!”

கோடு அப்படியே திரும்பியது. சிறகடிக்கும் சத்தம் தேய்ந்து தேய்ந்து ஓய்ந்தது. மேளமும் நின்றது.

“சரி, சரி! கிழங்கு ஆறிடும், எல்லாரும் சாப்பிட உட்காருங்க!” என்றது தளவாய். உட்கார்ந்தார்கள். என்ன செய்வார்கள், பசி!

வெள்ளத்தாயி சாப்பிடப் போகவில்லை. தண்ணீரில் இறங்கி ஏரி நடுவே போய் நின்றது. ஆறு மாச அலுப்பும் அப்போதுதான் ஒன்றாக வந்து அதன்மேல் உட்கார்ந்தது. எதற்காக இத்தனை நார் கிழித்தோம், எதற்காக இத்தனை பழம் சுமந்தோம் என்று நினைக்க நினைக்க அதற்கு அழுகை பொங்கியது. அழுதுகொண்டே அந்த இரண்டு அடியைத் திரும்பவும் சொன்னது. யாருக்கு என்று தெரியாமலேதான் சொன்னது.

அப்போது வடக்கேயிருந்து ஒற்றை வாத்து தட்டுத்தடுமாறி வந்தது. கூட்டத்தை விட்டு வெகுவாகப் பின்தங்கிவிட்ட வாத்து. இறக்கை ஒரு பக்கமாகத் தொங்கியது.

“இறங்கலாமா?” என்று கேட்டது. குரலே எழும்பவில்லை.

“அக்கா! வடமலையக்கா! நான்தான், தாயி!”

“தாயி மாதிரி வேடனும் கத்துவான். அழைப்பைச் சொல்லு.”

“தண்ணீர் இருக்கிறது! கரை இருக்கிறது!”

“மேலே?”

“தெரியாது அக்கா! எனக்கு அவ்வளவுதான் தெரியும்! படிக்கவே விடலை! நானும் படிக்காம விட்டுட்டேன்!”

வடமலையாள் இன்னொரு வட்டம் அடித்தது. அடுத்த வட்டம் அதனால் முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது.

“எந்த வேடனும் தெரியாதுன்னு சொல்ல மாட்டான்” என்றது கடைசியில். “கவனமாக் கேளு. நான் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு. வலை இல்லை.”

“வலை இல்லை!”

“நாங்கள் இருக்கிறோம்.”

வெள்ளத்தாயி திரும்பிக் கரையைப் பார்த்தது. கரையில் எல்லாரும் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். பிறகு மேலே பார்த்து, “நாங்கள் இருக்கிறோம்!” என்று சொன்னது.

வடமலையாள் வந்து தண்ணீரில் விழுந்தது. அதை இறங்கியது என்று சொல்ல முடியாது.

“எங்க ஆளுங்க எங்கே? என் பேரப்பிள்ளைங்க எங்கே?” என்று கேட்டது.

“போயிட்டாங்க அக்கா. என்னாலதான்.”

வடமலையாள் தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

மறுநாள் காலையில் மன்றம் கூடியது. தளவாய் தொண்டையைச் செருமியது.

“நேத்து விழா அமோகம்! பந்தல் பிரமாதம்! வாத்துகள் இறங்கலைங்கறது ஒரு சின்னக் குறை. அதை ஆராய ஒரு குழு போடலாம். அப்புறம், தை மாசத் தேன் விருந்து. அதுக்கு மூங்கில் குவளை வேணும், செயலாளர் ஏற்பாடு பண்ணிடுவாங்க. கடைசியில பாடம்.”

கரையோரத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த வடமலையாள் மெல்லக் கேட்டது: “அவங்க என்ன பேசுறாங்க, தாயி? எங்க ஆளுங்களைக் கூப்பிடறதைப் பத்தியா?”

வெள்ளத்தாயிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லை அக்கா. குவளையைப் பத்தி” என்றது.

பிறகு எழுந்து நின்றது. அதற்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

“தலைவரே, செயலாளர் வேலையை நீங்களே வச்சுக்குங்க. பங்குனியில அந்தக் கூட்டம் இந்த வழியாத்தான் வடக்கே திரும்பும். அவங்க அக்காவை இங்கேயே விட்டுட்டுப் போயிடக் கூடாது. அதுக்குள்ள நாலு அடியையும் நான் தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லணும். அக்கா சொல்லித் தர்றாங்க. படிக்கிறவங்க தண்ணிக்கு வாங்க. இப்பவே, முதல்லயே!”

“அப்போ தேன் விருந்து?” என்று கேட்டது செவந்தி.

அதற்குள் வெள்ளத்தாயி தண்ணீரில் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பிச்சாண்டி மட்டும் எழுந்தது. முள்ளெல்லாம் புகை நாற்றம். தயங்கித் தயங்கிச் சேற்றுக்கு வந்து, முழங்கால் தண்ணீரில் நின்று, “தண்ணீர் இருக்கிறது” என்று கட்டைக்குரலில் ஆரம்பித்தது.

பங்குனியில் அந்தக் கூட்டம் திரும்பி வந்தபோது கரையில் தோரணமும் இல்லை, மேளமும் இல்லை. ஒரு நாமக்கோழியும் ஒரு முள்ளம்பன்றியும் நின்று நாலடியையும் முழுசாகச் சொன்னார்கள். வானமே இறங்கி வந்த மாதிரி அத்தனை வாத்துகளும் ஏரியில் இறங்கி, தங்கள் கிழவியைச் சூழ்ந்துகொண்டன.

எதற்காகக் கூடினோமோ அந்த வேலையைக் கடைசியில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் ஜோராக நடத்துகிறவர்கள், வாசல்வரை வந்த விருந்தாளியைத் தங்கள் கையாலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.