வாய் நிறைய அட்வான்ஸ் கொண்டுபோன இருவாச்சி

மலைக்காட்டில் ஒரு இருவாச்சி ஜோடி இருந்தது. ஆண் பெயர் கொம்பையன். பெண் பெயர் பொன்னலகி.

இருவாச்சிக் குடித்தனம் மற்றப் பறவைக் குடித்தனம் மாதிரி இல்லை. பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை மண்ணால் பூசிவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சு கொஞ்சம் தேறுகிற வரை உள்ளேதான் வாசம். ஆண் அத்திப்பழத்தைத் தொண்டைக்குள் அடக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி, கீறல் வழியாக ஊட்டும். அப்படி உட்காரப் பெரிய பொந்து வேண்டும். கண்ட பொந்தும் சரிப்படாது.

போன வருஷம் குடியிருந்த மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. மாசியும் பிறந்துவிட்டது. பொன்னலகிக்கு வயிறு கனத்து, பறந்தால் மூச்சு வாங்கியது. இன்னும் ஏழெட்டு நாளில் வீடு அமையாவிட்டால் முட்டையைப் பாறையில்தான் இட வேண்டும்.

அந்தக் காட்டில் வீடு பார்த்துக் கொடுக்கிற தரகர் கிளையாண்டி என்கிற மந்தி. எந்த மரத்தில் எந்தப் பொந்து காலி, யார் எப்போது கிளம்புவார், எல்லாம் அதற்கு அத்துப்படி.

"குங்கிலிய மரத்துல ஒரு வீடு இருக்கு தங்கச்சி" என்றது. "கிழக்குப் பாத்த வாசல். சாரல் அடிக்காது. நாலு சிறகு அடிச்சா அத்திமரம்."

போய்ப் பார்த்தார்கள். பொன்னலகி வாசல் விளிம்பில் அலகை வைத்து அளந்தாள். அவளுக்கென்றே செதுக்கினது போல இருந்தது. உள்ளே நரைமீசையார் என்கிற கிழ மரநாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மரநாய்க்குப் பகல் முழுக்கத் தூக்கம், இருட்டினால்தான் நடமாட்டம். வயசாகி ஏற இறங்க முடியவில்லை, அதனால் வீட்டை விடுகிறார் என்றது மந்தி. பொன்னலகி எழுப்பிப் பேசலாமா என்று கேட்டாள். ஐயோ வேண்டாம், தூக்கத்தில் எழுப்பினால் கடித்துவைத்துவிடுவார், பேச்செல்லாம் என் வழியாகத்தான் என்று மந்தி வாலை ஆட்டித் தடுத்துவிட்டது.

மறுநாளிலிருந்து பேரம் தொடங்கியது. பொன்னலகிக்கு அலைய முடியாததால் கொம்பையன் தனியாகப் போனான். வெறும் வாயோடு வரக்கூடாது என்பது மந்தியின் கண்டிப்பு. "அலகுல அட்வான்ஸ் இல்லாமப் போனா, வேடிக்கை பாக்க வந்தவன்னு நினைச்சுக்கிடுவாக அண்ணாச்சி."

கொம்பையனும் தொண்டை முட்ட அத்திப்பழம் அடக்கிக்கொண்டு போனான். மந்தி வழியிலேயே ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தது.

"பெரியவர் பத்துத் தொண்டைப் பழம் கேக்குறாரு. சம்மதம்தானே?"

பத்து அதிகம் என்று கொம்பையனுக்குச் சொல்ல ஆசை. வாயைத் திறந்தால் அட்வான்ஸ் அத்தனையும் கீழே கொட்டிவிடும். "ம்" என்றான்.

அவன் பழத்தை ஒரு கிளைக்கவட்டில் கக்கி முடித்து, தொண்டையைச் செருமி, "பத்து ஜாஸ்தியில்லையா" என்று கேட்பதற்குள், வாக்கு வாக்குதான் என்று மந்தி முடித்துவிட்டது.

அடுத்த நாள் இன்னொரு தொண்டை அட்வான்ஸ். மலைமைனா ஜோடி ஒன்று பன்னிரண்டுக்குக் கேட்கிறதாம். கொம்பையன் "ம்" என்றான். மூன்றாம் நாள் மைனா பதினைந்துக்கு ஏறிவிட்டதாம். அதற்கும் "ம்". நாலாம் நாள் இருபதில் வந்து நின்றது.

அன்று மத்தியானம் அவன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். இருபது தொண்டைப் பழத்தையும் சுமந்து, உள்ளே இருக்கிற உனக்கும் சுமந்து, குஞ்சுக்கும் சுமந்தால் நான் இறகு உதிர்ந்துதான் போவேன் என்றான்.

"நீங்க என்னதான் பேசினீக?" என்றாள் பொன்னலகி.

"ம்-னேன்."

"நாலு நாளுமா?"

"வாய் நிறையப் பழம் பொன்னு. வேற என்ன சொல்ல முடியும்?"

பொன்னலகிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அலகால் அவன் கழுத்தை ஒருதரம் கோதிவிட்டாள். இந்த மனுஷனை வாயடைத்து அனுப்பினது யார் என்று யோசித்தாள். அப்புறம் இன்னொன்று தோன்றியது. அவ்வளவு பெரிய வாசலில் மைனாவுக்கு என்ன வேலை? அது கைப்பிடி அளவுப் பொந்து தேடுகிற பறவையாச்சே.

பொழுது சாயும்வரை பொறுத்தாள். பறவைகள் அடங்குகிற நேரமும் மரநாய் கொட்டாவி விடுகிற நேரமும் ஒன்றுதான். மூச்சு வாங்க வாங்கப் பறந்து, வெறும் வாயோடு குங்கிலிய மரத்தில் போய் உட்கார்ந்தாள்.

நரைமீசையார் வாசலில் தலையை நீட்டி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். கடிக்கவில்லை. "யாரு தாயி? அந்தப் பெரிய மூக்குக்காரங்களா? மிருகத்தோட பேச மாட்டீகன்னு மந்தி சொல்லுச்சே" என்றார்.

"எங்க கிட்ட நீங்க கடிப்பீகன்னு சொல்லுச்சு பெரியவரே."

"எதை வச்சுக் கடிக்க? இருக்கிறதே நாலு பல்லு."

பேச்சு அங்கே பிடித்துக்கொண்டது. இருவாச்சிகள் நாலு தொண்டைப் பழத்துக்கு மேல் தரமாட்டேன் என்கிறார்கள், வீடு வாடையடிக்கிறது என்றும் குறை சொல்கிறார்கள் என்று மந்தி பெரியவரிடம் சொல்லியிருந்தது. அட்வான்ஸ் என்று ஒரு பழம்கூட அவர் கண்ணில் படவில்லை. எங்களிடம் மந்தி கேட்டது இருபது என்றாள் பொன்னலகி.

மேல்கிளையில் இலை சலசலத்தது. கிளையாண்டி. ஒட்டுக்கேட்க வந்து மாட்டிக்கொண்டது. ஓடவும் முடியாமல், சும்மா பேன் பார்ப்பதுபோல் தொடையைச் சொறிந்துகொண்டிருந்தது.

"மைனா வந்துருக்கா?" என்று மந்தியைப் பார்த்துக் கேட்டாள் பொன்னலகி.

மந்தி இன்னும் வேகமாகத் தொடையைச் சொறிந்தது.

"வாடை அடிக்கத்தான் செய்யுது பெரியவரே" என்று அவள் திரும்பினாள். "மண்ணு பூசினா சரியாயிரும். உங்களுக்கு நிஜமா என்ன வேணும்?"

மரநாய் யோசித்தது. "இதே மரத்துக்கு அடியில, வேருக்கு நடுவுல ஒரு பொந்து பாத்து வச்சிருக்கேன். அத்திமரம் ஏற எனக்கு முட்டி ஒத்துழைக்கல. உன் வீட்டுக்காரன் உனக்கு ஊட்டும்போது கீழ சிந்துறது எனக்குன்னு வச்சுக்குவமா?"

"அவ்வளவுதானா?"

"எனக்கு எதுக்குத் தாயி இருபது? அழுகி ஈ மொய்க்கவா?"

பேச்சு முடிந்தது. மந்தியை ஒருவரும் கொத்தவில்லை, கடிக்கவில்லை. நீ தின்ற நாலு தொண்டைப் பழமும் தரகென்று இருக்கட்டும், வீட்டைக் காட்டினது நீதானே என்று பொன்னலகி சொல்லிவிட்டாள். மந்தி வாலைச் சுருட்டிக்கொண்டு போனது.

அதிலிருந்து மூன்றாம் நாள் பொன்னலகி உள்ளே போய் வாசலைப் பூசிக்கொண்டாள். கொம்பையன் காலையிலும் மாலையிலும் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டினான். ஒவ்வொரு நடைக்கும் இரண்டு பழம் கீழே விழும். நல்ல கனிந்த பழமாகவே விழும். என்னங்க இப்படிச் சிந்துறீக என்று உள்ளிருந்து அவள் கேட்டால், "ம்" என்பான்.

நமக்கு வேண்டியதை நம் வாயால் கேட்காமல் விட்டால், அதற்கு விலை சொல்வது அடுத்தவன் வாயாகிவிடும்.