பாம்புத்தாரா இறக்கையை விரித்து நிற்பது ஏன்

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிய நாளில், ஏரியில் நடக்கும் நீச்சல் பந்தயத்துக்கு ஒரே விதிதான் இருந்தது. மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கில் இறங்கி, எதிர்க்கரை மதகில் ஏற வேண்டும். எப்படி நீந்துவது என்பது அவரவர் பாடு.

கோடையில் ஏரி வற்றும். நடுவில் ஒரு மடு மட்டும் வற்றாது. ஏரி வற்றத் தொடங்கும்போது நடக்கும் பந்தயத்தில் ஜெயிக்கிற கூட்டத்துக்கு அந்த மடு. மற்றவர்கள் சேற்றில் கிடைத்ததைத் தின்று, மழைக்குமுன் பாதிப் பேர் சாவார்கள்.

பாம்புத்தாரா கலிங்கில் முங்கினால் மதகில்தான் தலை தூக்குவாள். மதகுப் படியில் நிழல் ஒரு விரல் நகர்வதற்குள் வந்துவிடுவாள். மூன்று கோடை அவளே ஜெயித்தாள். அந்த வேகத்தைக் கல்லில் கோடாகக் கீறி வைத்திருந்தார்கள்.

மேலே மிதக்கும் நாமக்கோழிகளுக்கு இது பொறுக்கவில்லை. நடுவர் கூழைக்கடாவிடம் போனார்கள். அவர் பந்தயத்தில் ஒருநாளும் இறங்காதவர். அவருடைய அலகுப்பைக்கு மீனை விரட்டிக் கொடுப்பவர்கள் நாமக்கோழிகள்.

நான்காம் கோடையில் அவர் அறிவித்தார்: "இனிமே தலை தண்ணிக்கு மேல தெரியணும். உள்ளேயே மூச்சு முட்டிச் செத்தா யாருக்குத் தெரியும்? உங்க நன்மைக்குத்தான். பழைய கோடு செல்லாது."

"அப்ப மூணு வருஷமா நான் என்ன பண்ணேன் ஐயா, தூங்கினேனா?"

"நான் பார்க்கலையேம்மா."

நாமக்கோழிகள் சிரித்தார்கள்.

அவள் இறங்கினாள். தலையும் கழுத்தும் வெளியே, உடம்பு முழுக்க உள்ளே. கழுத்துக்குக் கீழே விதி எதையும் சொல்லவில்லை. மறுபடியும் அவளே முதலில் வந்தாள்.

கூழைக்கடா வெகுநேரம் யோசித்தார். "இறக்கை இப்படி நனைஞ்சிருக்கே. நடுவுல முங்கினியோ என்னமோ. விரிச்சு வை, சோதிச்சுத் தீர்ப்புச் சொல்றேன். அதுக்குள்ள மடக்கினா பந்தயம் செல்லாது."

தீர்ப்பு வரும்வரை மடுவை நாமக்கோழிகளிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த ஏரிக்குப் பறந்து போனார். அவள் பட்டமரத்தில் ஏறி விரித்து நின்றாள்.

இரண்டாம் நாள் அவள் புருஷன் வந்தான். "இறங்கி வாடி. சேத்துல மீனே இல்ல. ரெண்டு பேரும் தேடினாத்தான் எதாவது கிடைக்கும். சின்னது ரெண்டும் வாயத் திறக்கவே மாட்டேங்குது."

"மடக்கினா நான் முங்கினேன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே. அந்தக் கோடு யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும். நான் ஜெயிச்சிருக்கேன். மடு நம்ம பிள்ளைங்களோடது. அவர் வந்து பார்த்து, அவர் வாயால சொல்லட்டும்."

அங்கேதான் அவள் தவறினாள். விதியை எதிர்த்துக் கேட்கத் தெரிந்தவளுக்கு, அதைப் போட்டவரே வந்து நியாயம் சொல்வார் என்ற நம்பிக்கை மட்டும் போகவில்லை.

ஐந்தாம் நாள் பிள்ளைகள் செத்தன. புருஷன் சொல்ல வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது மடக்கினால் பிள்ளைகள் எதற்காகச் செத்தன என்று ஆகிவிடும். அவள் மடக்கவில்லை. அவனும் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து தன் இறக்கையை விரித்தான்.

அன்று முதல்தான் பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துகிறது, கரையேறியதும் இறக்கையை விரித்து நிற்கிறது. கூழைக்கடா இன்றும் அந்த ஏரிக்கு வந்துபோகிறது. அந்த மரத்தின் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.